மாயக் கதை கேம்களில் எந்தக் கடின நிலையைத் தேர்ந்தெடுப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு கணினியும் ஒரு பழைய பிளேஸ்டேஷன் 4உம் இருக்கின்றன. விடுமுறை வந்தால் காத்தான்குடியிலிருந்தும் கல்முனையிலிருந்தும் உறவுக்காரர்களும் நண்பர்களும் வந்துவிடுவார்கள். வாள், மந்திரம், டிராகன் என்று நீளும், ஒரு பாத்திரத்தை ஏற்று வளர்த்துக்கொண்டு போகும் ஆர்.பி.ஜி. கேம்கள்தான் எங்களுக்கு உயிர். புதிய கேம் ஒன்றைத் திறந்ததும் திரை முதலில் கேட்பது இதைத்தான்: எந்தக் கடின நிலை? கதை தொடங்கும் முன்பே பலர் அங்கே தடுமாறி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். இத்தனை வருடங்களில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளையும், நான் நம்பிச் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதுகிறேன்.

இந்த வகைக் கேமை முதல்முறையாக விளையாடப் போகிறேன். எதில் தொடங்குவது?

கேமை உருவாக்கியவர்கள் நடுவில் வைத்திருக்கும் நிலையில் தொடங்குங்கள். பெயர் கேமுக்குக் கேம் மாறும். ஸ்கைரிமில் அது அடெப்ட். போல்டர்ஸ் கேட் 3இல் பலன்ஸ்ட். விட்சர் 3இல் நான்கு நிலைகள் இருக்கின்றன. கீழிருந்து இரண்டாவதாக வரும் ஸ்டோரி அண்ட் சோர்ட்தான் நடுநிலை.

தொடங்கிய முதல் ஒரு மணித்தியாலத்தை வைத்து எதையும் முடிவுசெய்யாதீர்கள். ஆர்.பி.ஜி. கேம்களில் பெரும்பாலும் ஆரம்பம்தான் சிரமம். கையில் துருப்பிடித்த வாள், உடம்பில் கந்தல் கவசம், பையில் மருந்து ஒன்றோ இரண்டோ. இரண்டு ஓநாய்கள் சேர்ந்து வந்தாலே கதை முடிந்துவிடும். அதே ஆள் இருபது மணித்தியாலம் கழித்து ஓநாய்க் கூட்டத்தைத் திரும்பிப் பார்க்காமலே கடந்து போவான். மூன்று, நான்கு மணித்தியாலம் விளையாடிய பிறகும் ஒவ்வொரு சின்னச் சண்டையிலும் செத்துக்கொண்டிருந்தால் ஒரு படி இறங்குங்கள். பொத்தானைக் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தியே வெல்ல முடிந்தால் ஒரு படி ஏறுங்கள்.

நிலையை உயர்த்தினால் உள்ளே உண்மையில் என்ன மாறுகிறது?

எல்லாரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. கேட்பவர்கள் மிகக் குறைவு. "ஹார்ட்" என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வெவ்வேறு விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன.

ஒன்று, எண்களை மட்டும் மாற்றுவது. 2011இல் வந்த ஸ்கைரிம் இதற்குச் சரியான உதாரணம். அடெப்டில் நீங்கள் கொடுக்கும் அடியும் வாங்கும் அடியும் உள்ளபடியே இருக்கும். எல்லாவற்றிலும் கீழான நொவிஸில் நீங்கள் கொடுக்கும் அடி 2 மடங்கு, வாங்கும் அடி பாதி. உச்சியில் இருக்கும் லெஜெண்டரியில் நீங்கள் கொடுக்கும் அடி கால் பங்கு, வாங்கும் அடி 3 மடங்கு. கவசக் கணக்கை விட்டுவிட்டு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் வாள் ஒரு வெட்டுக்கு 20 புள்ளி எடுக்கும், எதிரியிடம் 200 புள்ளி உயிர் இருக்கிறது. நொவிஸில் 5 வெட்டு. அடெப்டில் 10. லெஜெண்டரியில் 40. எதிரியின் புத்தி கூடவில்லை, புதிய வித்தை எதுவும் கற்றுக்கொள்ளவில்லை. அதே பிணம் அதே கல்லறையிலிருந்து எழுந்து வந்து அதே மாதிரி கோடரியை வீசுகிறது. நீங்கள்தான் நாற்பது முறை வெட்டுகிறீர்கள்.

இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. உங்களோடு துணைக்கு வரும் லிடியா போன்றவர்களின் அடி அப்படிக் குறைக்கப்படுவதில்லை. ஆகவே உயர்ந்த நிலையில் வாளை நம்புவதைவிட நல்ல ஆயுதத்தைத் துணையாளின் கையில் கொடுத்துவிட்டுப் பின்னால் நிற்பது அதிகம் பலன் தரும். இது தெரியாமல் தனியாக முட்டிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும்.

இரண்டாவது வகை, விதிகளையே மாற்றுவது. 2015இல் வந்த விட்சர் 3இல் கீழ் இரண்டு நிலைகளிலும் சண்டை முடிந்து காயத்தோடு இருந்தால் ஓரிடத்தில் அமர்ந்து தியானம் செய்யலாம். எழும்போது உடம்பு முழுதாகத் தேறியிருக்கும். பிளட் அண்ட் புரோக்கன் போன்ஸிலும் டெத் மார்ச்சிலும் தியானம் காயத்தை ஆற்றாது. இந்த ஒரு மாற்றம் முழுக் கேமையும் வேறொன்றாக்கிவிடுகிறது. சாப்பாடு தேடி அலைய வேண்டும். காயம் ஆற்றும் ஸ்வாலோ மருந்தை எண்ணி எண்ணிக் குடிக்க வேண்டும். பாதி உயிரோடு நிற்கும்போது வழியில் ஒரு பேய்க் கிணறு தென்பட்டால், இறங்குவதா ஊருக்குத் திரும்புவதா என்று உட்கார்ந்து யோசிக்க வேண்டும். இதில் நம் ஆள் ஒரு மிருக வேட்டைக்காரன். வேட்டைக்காரனின் வாழ்க்கை அப்படித்தானே இருக்கும்!

2009இல் வந்த டிராகன் ஏஜ்: ஒரிஜின்ஸில் தாழ்ந்த நிலையில் மந்திரவாதி எறியும் நெருப்புப் பந்து சொந்த ஆட்களைச் சுடாது. உயர்ந்த நிலைகளில் சுடும். அதனால் யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்துத்தான் எறிய முடியும்.

2023இல் வந்த போல்டர்ஸ் கேட் 3இன் டாக்டிஷியன் என்ற உயர்ந்த நிலை இரண்டையும் கலந்து வைத்திருக்கிறது. எதிரிகளுக்கு 30 சதவீதம் கூடுதல் உயிர், கூடவே மேலும் தந்திரமான சண்டை. இரவு முகாமில் முழு ஓய்வெடுக்க பலன்ஸ்டில் 40 உணவுப் புள்ளி போதும். டாக்டிஷியனில் 80 வேண்டும். இந்த 80தான் எனக்குப் பிடித்தது. ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் படுத்துத் தூங்கிச் சக்தியை மீட்டுக்கொள்ளும் சோம்பல் பழக்கம் அதோடு போய்விடுகிறது.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். நிலையின் பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். தேர்வுத் திரையிலேயே கீழே ஓரிரு வரி விளக்கம் இருக்கும், அதை வாசியுங்கள். எண் மட்டும் மாறுகிறதென்றால் நடுநிலையிலேயே இருங்கள். மேலே போய்ப் பெறுவதற்கு அங்கே அதிகம் இல்லை. விதி மாறுகிறதென்றால், கேம் ஓரளவு கைக்குப் பழகியதும் ஒரு படி ஏறிப் பாருங்கள்.

இலகுவான நிலையில் விளையாடினால் அது விளையாட்டே இல்லை என்கிறார்களே?

சொல்பவர்களை எங்கள் சின்னம்மாவிடம் அனுப்பிவையுங்கள்.

அவர் களுவாஞ்சிகுடியில் இருக்கிறார். ஆங்கில ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர். போன வருடம் எங்கள் வீட்டில் ஒரு வாரம் தங்கியிருந்தபோது, விட்சர் 3ஐ ஜஸ்ட் த ஸ்டோரி என்ற கீழ்நிலையில் போட்டுக் கொன்ட்ரோலரைக் கையில் கொடுத்தேன். வாழ்க்கையில் அதைத் தொட்டதே இல்லை. முதல் நாள் குதிரை வேலியில் முட்டிக்கொண்டே நின்றது. மூன்றாம் நாள், குடிகாரப் பிரபு ஒருவனின் மனைவியும் மகளும் வீட்டைவிட்டு ஓடிப்போன கதைக்கு வந்துவிட்டார். அவன் தன் பக்க நியாயத்தைச் சொல்லச் சொல்ல, சின்னம்மா கொன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டார். பதில் தேர்ந்தெடுக்கும் வரிகள் திரையில் காத்துக்கொண்டிருந்தன. "இந்த ஆளை எனக்குத் தெரியும். இப்படிப்பட்ட ஒருவனின் மகளுக்கு நான் பாடம் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்" என்றார். எழுந்து போய்த் தேநீர் போட்டுக் குடித்துவிட்டு வந்துதான் பதிலைத் தேர்ந்தெடுத்தார்.

அந்தக் காட்சியை நான் மூன்று முறை கடந்திருக்கிறேன். மூன்று முறையும் அடுத்த சண்டை எப்போது வரும் என்ற அவசரம். அவர் பார்த்ததில் பாதியைக்கூட நான் பார்க்கவில்லை.

எங்கள் ஊரில் கூத்தைப் பழக்கும் அண்ணாவியார், ஆடுபவர்களுக்குச் சட்டம் (அவரவர் பாட்டுப் பகுதி) கொடுக்கும்போது, குரலையும் உடற்கட்டையும் பார்த்துத்தான் யாருக்கு எந்தப் பாத்திரம் என்று தீர்மானிப்பார். சின்னப் பாத்திரம் ஆடியவர் களரி (கூத்து மேடை) ஏறாதவர் என்று எந்த ஊரிலும் சொன்னதில்லை. கைவிரல்கள் வேகமாக ஓடாதவர்கள், கண்பார்வை குறைந்தவர்கள், நாள் முழுக்க வேலைசெய்துவிட்டு வருகிறவர்கள், கதைக்காகவே வருகிறவர்கள் எல்லாருக்காகவும்தான் அந்த நிலை செய்து வைக்கப்பட்டிருக்கிறது. தைரியமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

விளையாடிக்கொண்டிருக்கும்போது நிலையை மாற்றலாமா?

பெரும்பாலான கேம்களில் மாற்றலாம். ஸ்கைரிமிலும் விட்சர் 3இலும் அமைப்புகளுக்குள் போய் எந்த நேரமும் மாற்றிக்கொள்ளலாம். டெத் மார்ச்சில் முடித்ததற்காகத் திரையில் தரப்படும் கோப்பை வேண்டுமென்றால் மட்டும், இடையில் ஒரு தடவைகூட இறக்கக் கூடாது.

டிராகன் குவெஸ்ட் 11 வேறு மாதிரி. தொடங்கும்போதே கடையில் எதுவும் வாங்க முடியாது, கவசம் அணிய முடியாது என்பன போன்ற கடுமையான நிபந்தனைகளை நாமே போட்டுக்கொள்ளலாம். நடுவில் நீக்கவும் முடியும். நீக்கியதை அதே ஆட்டத்தில் திரும்பப் போட முடியாது.

ஒரு பொஸ்ஸிடம் (பெரிய எதிரியிடம்) திரும்பத் திரும்பச் சாகிறேன். நிலையைக் குறைக்கவா?

குறைப்பதற்கு முன் ஒரு தடவை பையைத் திறந்து பாருங்கள்.

வந்தாறுமூலை வளாகத்தில் படிக்கும் என் மருமகன் விட்சர் 3ஐ எடுத்த எடுப்பில் டெத் மார்ச்சில் தொடங்கினான். முதல் ஊரிலேயே ஒரு கிரிஃபின் வரும். கழுகுத் தலையும் சிங்க உடம்புமாகப் பறக்கும் மிருகம். ஒரு சனிக்கிழமை பின்னேரம் பதினொரு முறை செத்தான். பன்னிரண்டாவது முறை தொடங்கும் முன் கொன்ட்ரோலரை வாங்கி, பொருட்பட்டியலைத் திறக்கச் சொன்னேன். அந்த வேட்டைக்கென்றே கதையில் அவனுக்குக் கொடுக்கப்பட்ட குறுக்குவில் அப்படியே கிடந்தது. ஒரு அம்புகூட எய்யவில்லை. மிருகங்களைப் பற்றிய குறிப்பேட்டை அவன் திறந்ததே இல்லை. அதில் தெளிவாக எழுதியிருக்கிறது: கலப்புயிர் எண்ணெயை வாளில் பூசு, ஆர்ட் என்ற மந்திரத்தால் தள்ளு, கிரேப்ஷொட் குண்டை எறி.

"மாமா, இதெல்லாம் வாசிக்கவேண்டிய விஷயமா?" என்று கேட்டான். கேம் உன்னிடம் எதிர்பார்ப்பதே அந்த வாசிப்பைத்தான் என்றேன். எண்ணெய் பூசினான். மிருகம் மேலே எழும்பும்போதெல்லாம் குறுக்குவில்லால் அடித்து நிலத்தில் விழுத்தினான். இரண்டாவது முயற்சியில் முடிந்தது.

ஆகவே என் ஒழுங்கு இது. முதலில் எதிரியைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். பிறகு பயன்படுத்தாமல் பதுக்கி வைத்திருக்கும் மருந்து, குண்டு, மந்திரச் சுருள்களை எடுக்க வேண்டும். கடைசிச் சண்டைக்கு உதவும் என்று சேர்த்துவைத்து, கேம் முடியும்போது நூறு போத்தல் மருந்தோடு நிற்பதில் என்ன பயன்? அதற்கும் மசியாவிட்டால் வேறு வேலைகளை முடித்து உங்கள் பாத்திரத்தின் லெவலை ஒன்றிரண்டு ஏற்றிக்கொண்டு வாருங்கள். அப்படியும் வெறுப்புத்தான் மிஞ்சுகிறதென்றால், அந்த ஒரு சண்டைக்கு மட்டும் நிலையை இறக்குங்கள். முடிந்ததும் ஏற்றிக்கொள்ளலாம்.

எல்டன் ரிங்கில் கடின நிலை தேர்வே இல்லையே, என்ன செய்வது?

2022இல் வந்த அந்தக் கேமில் பட்டியல் எதுவும் இல்லை என்பது உண்மைதான். ஆனால் இலகுவாக்கும் வழிகளை உலகத்துக்குள்ளேயே தூவி வைத்திருக்கிறார்கள்.

தொடக்கத்தில் வெளிவாசலைத் திறந்தவுடன் பொன்னிறக் கவசம் போட்ட குதிரை வீரன் ஒருவன் எதிரே உலாத்திக்கொண்டிருப்பான். கல்முனையிலிருந்து வந்த நண்பர் ஒருவர், இவனைக் கொன்றால்தான் கதை நகரும் என்று நினைத்து இரண்டு இரவுகளை அங்கேயே செலவழித்தார். அவனைச் சுற்றிக்கொண்டு போகலாம்! புதர்களுக்குள் குனிந்து ஒதுங்கிப் போனால் அவன் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. சற்றுத் தூரத்தில் குதிரை கிடைக்கும். ஆவிகளைத் துணைக்கு அழைக்கும் மணியும் கிடைக்கும். அந்த ஆவிகள் எதிரியின் கவனத்தைப் பிடித்து வைத்திருக்கும்போது நீங்கள் பின்னாலிருந்து அடிக்கலாம். இணையம் இருந்தால் மற்ற விளையாட்டாளர்களையும் உதவிக்கு அழைக்கலாம். தூரத்திலிருந்து மந்திரம் எறியும் பாத்திரத்தைத் தேர்ந்தெடுப்பதே ஒரு படி இறங்கியதற்குச் சமம்.

2024இல் வந்த இணைப்புக் கதையில் ஒருவகைப் பொன் துண்டுகளைத் தேடிச் சேர்க்கச் சேர்க்க உங்கள் பலம் கூடும். அது கடினம் என்று புலம்பியவர்களில் சிலர் அந்தத் துண்டுகளைத் தேடாமலே நேரே பொஸ்ஸிடம் போனவர்கள்.

வேலை, வகுப்பு, குடும்பம். எனக்கு இரவில் ஒரு மணித்தியாலம்தான் கிடைக்கிறது.

விட்சர் 3இன் பிரதான கதையை மட்டும் முடிக்கச் சுமார் 50 மணித்தியாலம் பிடிக்கும். இரவுக்கு ஒன்று என்றால் ஐம்பது இரவுகள். கிளைக்கதைகளையும் பார்த்தால் அதைப்போல் இரண்டு மடங்கு. ஒரே சண்டையில் மூன்று இரவு சிக்கிக்கொண்டால், நான்காம் இரவு வந்து உட்காரும்போது கதையில் யார் எவர் என்பதே மறந்திருக்கும். நடுநிலைக்கு மேலே போகாதீர்கள். உயர்தரப் பரீட்சை எழுதும் வருடமென்றால் கேமைப் பரீட்சை முடியும்வரை எடுத்துவைத்துவிடுங்கள். அது எங்கேயும் ஓடிப்போகாது.

ஒற்றைச் சேவ் மட்டும் உள்ள நிலைகளை இங்கே விளையாட முடியுமா? கரன்ட் போய்விடுகிறதே.

போல்டர்ஸ் கேட் 3இன் ஹொனர் நிலை 2023 நவம்பர் கடைசியில் வந்தது. ஆட்டத்தைச் சேமிக்க ஒரே ஒரு சேவ். குழு முழுவதும் மடிந்தால் ஹொனர் ஆட்டம் அத்தோடு முடிந்தது. பொஸ்களுக்கும் புதிய வித்தைகள் உண்டு.

2022 மார்ச் இறுதியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு இருந்த காலத்தில், சேவ் எழுதப்படும் நொடியில் மின்சாரம் நின்று, வேறொரு கேமில் என்னுடைய அறுபது மணித்தியால ஆட்டம் திறக்க முடியாமல் போய்விட்டது. இப்போது மின்வெட்டு அப்படி இல்லை. ஆனாலும் கார்த்திகை, மார்கழியில் மழையும் காற்றும் அடிக்கத் தொடங்கினால் எந்த நேரமும் விளக்கு அணையலாம். பேட்டரி நன்றாக உள்ள லேப்டாப், அல்லது கணினியை ஒழுங்காக நிறுத்தும்வரை தாங்கும் யூ.பி.எஸ். இருந்தால் மட்டுமே ஒற்றைச் சேவ் ஆட்டத்தைத் தொடங்குங்கள். இல்லையென்றால் டாக்டிஷியனில் விளையாடிக்கொண்டு, ஒவ்வொரு பெரிய சண்டைக்கும் முன் தனித்தனி இடத்தில் சேவ் செய்யுங்கள்.

எனக்கு ஆங்கிலம் மெதுவாகத்தான் வாசிக்க வரும்.

இந்தக் கேள்வியைக் கேட்கப் பலர் தயங்குகிறார்கள். தயங்கவே தேவையில்லை. நான் இங்கே சொன்ன கேம்கள் எவற்றிலும் தமிழ் இல்லை. வேற்றுமொழியில் வாசித்துக்கொண்டே விளையாடுபவர் எந்த நிலையைத் தேர்ந்தெடுத்தாலும், அதற்கு மேல் இன்னொரு படியையும் சேர்த்துத்தான் சுமக்கிறார். அதைக் கணக்கில் எடுத்து ஒரு படி குறைவாகத் தொடங்குங்கள்.

முறை வைத்து அடிக்கும் கேம்கள் உங்களுக்கு நல்லது. போல்டர்ஸ் கேட் 3இல் சண்டை தொடங்கிவிட்டால் உங்கள் முறை வரும்போது எவ்வளவு நேரமும் எடுக்கலாம். ஒவ்வொரு மந்திரத்தின் விளக்கத்தையும் அகராதி பார்த்தே வாசிக்கலாம். சப்டைட்டில் எழுத்தின் அளவைப் பெரிதாக்க முடிந்தால் முதல் வேலையாக அதைச் செய்யுங்கள். ஏறாவூரிலிருந்து வரும் ஒரு தம்பி பக்கத்தில் ஒரு கொப்பி வைத்துப் புதிய சொற்களை எழுதிக்கொண்டே விளையாடுகிறான். கொப்பி பாதி நிறைந்துவிட்டது.

தரம் 8இல் படிக்கும் மகனுக்கு ஈஸியில் போட்டுக் கொடுத்தால் போதும்தானே?

போதாது. கடின நிலை ஆட்டத்தின் சிரமத்தை மட்டுமே மாற்றும், காட்சியை மாற்றாது. விட்சர் 3, போல்டர்ஸ் கேட் 3, ஸ்கைரிம் மூன்றுக்கும் ஐரோப்பிய வயதுத் தரம் 18. இரத்தமும் கொடுமையும், முதல் இரண்டில் படுக்கையறைக் காட்சிகளும் எந்த நிலையிலும் அப்படியே இருக்கும். டிராகன் குவெஸ்ட் 11க்குத் தரம் 12. அவனுக்கு அதைக் கொடுங்கள், முடிந்தால் பக்கத்தில் உட்காருங்கள்.

நண்பர்களோடு சேர்ந்து விளையாடும்போது?

குழுவில் மிகப் புதியவருக்கு எது சரியோ அது.

பாதிக்கு மேல் கேம் மிக இலகுவாகிவிட்டது. சலிப்பாக இருக்கிறது.

நீங்கள் நன்றாக வளர்ந்துவிட்டீர்கள், மகிழ்ச்சி. முதலில் ஒரு படி ஏற்றுங்கள். எண் மட்டும் மாறும் கேம் என்றால், ஏற்றுவதைவிட நீங்களே விதி போட்டுக்கொள்வது சுவையாக இருக்கும். துணையாளை வீட்டுக்கு அனுப்பிவிடலாம். வாளை வைத்துவிட்டு வில்லை மட்டும் எடுக்கலாம். ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குத் தாவும் வேகப் பயணத்தை நிறுத்திவிடலாம்.

ஸ்கைரிமுக்கு 2017இல் வந்த சர்வைவல் முறை இதைத் தானாகவே செய்கிறது. பசிக்கும், களைக்கும், குளிரும். வேகப் பயணம் கிடையாது. நான் இப்போது அதை அடெப்டில்தான் விளையாடிக்கொண்டிருக்கிறேன். வெளியே கல்லடியில் வியர்த்துக் கொட்டுகிறது. உள்ளே என் ஆள் பனிப்புயலில் வடக்கே விண்டர்ஹோல்டுக்கு நடந்துகொண்டிருக்கிறான். நேற்றிரவு வழியில் ஒரு சத்திரத்தில் நிறுத்தி, சூடான சூப் ஒரு கிண்ணம் வாங்கிக் குடிக்க வைத்து, விறகு எரியும் அடுப்புக்குப் பக்கத்தில் நிற்க விட்டு சேவ் செய்தேன். இன்றைக்கும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.